கால்மாட்டில் நிற்காதவர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு இந்தக் கை எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பட்டியல்தான். கடுகு, மிளகு, பெருங்காயம் இவையெல்லாம் தப்பில்லாமல் வரும். மற்ற இடங்களில் எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். எழுத்தை மட்டும் திருத்துங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

சமையல் மாஸ்டருடைய மகன் சித்திரை மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆவணியில் அப்பாவுக்கு முதல் வருஷ நினைவு நாள் வருகிறது, ஒரு நினைவு மலர் போடுகிறோம், கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள் என்றார்.

"எனக்கு எழுத வராது தம்பி."

"நாலு வரி போதும்ணே. எப்படி எழுதுனாலும் பரவாயில்ல. ஒண்ணே ஒண்ணுதான். நல்லதை மட்டும் எழுதுங்க. அப்பாவுக்கு அதுதானே புடிக்கும்?"

என் மனைவி செல்வி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பாள். மகன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் காபியைக் குடித்தார்.

நான் தலையை ஆட்டினேன். யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவது என் குணம். ஆனால் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெரு திரும்புவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். நல்லதை மட்டும் எழுத மாட்டேன்.

மாஸ்டருடைய பெயரை நான் எழுதவில்லை. மலரின் அட்டையிலேயே பெரிதாகப் போட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புதுக்கோட்டையைச் சுற்றிக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எது நடந்தாலும் சமையல் மாஸ்டர் என்றால் அவர்தான். நான் அவரிடம் பத்தொன்பது வருஷம் சோறு வடித்தேன். செல்வி காய் நறுக்கினாள், இலை துடைத்தாள்.

அவருடைய வேனின் பின்பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் "நடக்கும்" என்று எழுதியிருக்கும். சாமி பெயர், பிள்ளைகள் பெயர் எதுவும் கிடையாது. அந்த ஒரு வார்த்தைதான். பழைய வேன். பாதி வழியில் நிற்கும். அண்டா, அகப்பை, அடுப்பு எல்லாம் உள்ளே இருக்க நாங்கள் இறங்கித் தள்ளுவோம். சேகர் என்று ஒருத்தன், சாம்பார் போடுகிறவன், வாய் சும்மா இருக்காது. "மாஸ்டர் பொய் சொல்லலடா. ஓடும்னா எழுதியிருக்காரு? நடக்கும்னுதானே எழுதியிருக்காரு" என்பான். முன்சீட்டில் இருந்து மாஸ்டரும் சிரிப்பார். அவரைக் கிண்டல் செய்தால் கோபம் வராது. கெட்ட வார்த்தை சொன்னால்தான் கோபம் வரும்.

அவர் கணக்கில் கெட்ட வார்த்தை என்றால் வேறு. இல்லை, பத்தாது, தீர்ந்துபோச்சு, கருகிப்போச்சு, உடைஞ்சுபோச்சு. இவையெல்லாம் அவர் அடுப்படியில் கெட்ட வார்த்தைகள். அரிசி தீர்ந்தால் "நெறைஞ்சிருக்கு" என்று சொல்வது நம் வீடுகளில் எல்லாம் உள்ள வழக்கம்தான். அவர் அதை உப்பு, எண்ணெய், விறகு, கேஸ், ஆள் வரை நீட்டிவிட்டார். யாராவது தவறிச் சொல்லிவிட்டால் வாயைக் கொப்பளித்துவிட்டு, சொன்னதற்கு எதிரானதை மூன்று தரம் சொல்ல வேண்டும். "வாயில வர்றதுதான்டா எலையில விழும்" என்பார்.

பேச வராதவனுக்கு அவருடைய அடுப்படி நல்ல இடம். எல்லோருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அறுநூறு பேருக்குச் சோறு. குழைந்துவிடுமோ என்று எனக்குக் கை நடுங்கியது. மாஸ்டர் பின்னால் வந்து தோளில் கையை வைத்து, "ஒன் கையில பதம் இருக்குடா, எனக்குத் தெரியுது" என்றார். அதற்கு முன் அவர் என் கையைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் சோறு மல்லிகைப்பூ மாதிரி வந்தது. நல்லதைச் சொல்லச் சொன்னீர்களே தம்பி, இது நல்லது. பொய்யாகச் சொல்லவில்லை.

ஒரு தரம் பாயாசம் அடிப்பிடித்துவிட்டது. தீய்ந்த வாசம் பந்தல் வரைக்கும் போகிறது. யாரும் வாயைத் திறக்கவில்லை. மாஸ்டர் சேகரைப் பார்த்தார். சேகர் கையைக் கட்டிக்கொண்டு, "இனிக்குது மாஸ்டர், இனிக்குது மாஸ்டர், இனிக்குது மாஸ்டர்" என்றான். கிளறிக்கொண்டிருந்தவன் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தான். பெண்ணுடைய பெரியப்பா மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார்.

"என்னய்யா பாயாசத்துல பொகை நாத்தம்?"

"நாத்தம்னு சொல்லாதீங்க ஐயா, நல்ல காரியம் நடக்குற எடம். இது பானை வெல்லம். மணம் அப்படித்தான் இருக்கும். ஒரு டம்ளர் குடிச்சுட்டுச் சொல்லுங்க."

பெரியப்பா இரண்டு டம்ளர் குடித்தார்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு காதுகுத்து. வெட்டவெளியில் அடுப்பு. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் பதறிப்போய்த் தார்ப்பாய் கட்டச் சொன்னார். மாஸ்டர் மேகத்தைப் பார்த்துக் கரண்டியை ஆட்டி, "இங்கிட்டு வராது. அங்கிட்டுப் போயிரும்" என்றார். அப்படியே போனது. பக்கத்து ஊரில் கொட்டித் தீர்த்தது, எங்கள் அடுப்பில் ஒரு பொட்டு விழவில்லை. அன்றிலிருந்து "மழையை நிறுத்துன மாஸ்டர்" என்று பேர் வந்தது. இந்த மலரிலும் அதை யாராவது எழுதியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு காரியங்களில் அதே மாதிரி கரண்டியை ஆட்டினார். இரண்டு தரமும் மழை வந்தது. ஒரு தரம் அடுப்பு அணைந்து, பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள். அதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நான் எழுதுகிறேன்.

இனி அந்த அண்டாவைப் பற்றி.

அலுமினிய அண்டா. மாஸ்டர் தொழில் தொடங்கியபோது முதன்முதலாக வாங்கியது, அதனால் அதை ராசியான அண்டா என்பார். இரண்டு பக்கமும் காது வைத்து ஆணி அடித்திருக்கும். அந்தக் காதுகளில் கயிறு கட்டி, நடுவில் கம்பைச் செருகி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போவோம். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்தில், சாம்பார் கொதித்து இறக்கிய பிறகு கயிறு கட்டும்போது பார்த்தேன். ஒரு காதில் மூன்று ஆணிக்கு ஒன்றைக் காணோம். மற்ற இரண்டும் ஆடின. விரலால் அசைத்தாலே தெரிந்தது.

நானாகப் போய் மாஸ்டரிடம் ஒரு குறையைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தரம்.

"மாஸ்டர், காது ஆடுது."

"என்னடா சொன்னே?"

"அண்டா காதுங்க. ஒரு ஆணி இல்ல. தாங்காதுங்க."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கையில் இருந்த வேலையை நிறுத்தினார்கள். மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. திட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

"தாலி கட்டுற நேரத்துல தாங்காதுங்குற. போ, வாயைக் கொப்பளிச்சுட்டு வா."

கொப்பளித்துவிட்டு வந்தேன்.

"ம், சொல்லு."

"தாங்கும். தாங்கும். தாங்கும்."

"இப்ப சரி. தூக்கு."

நான் முன்னால், சேகர் பின்னால். பத்தடி போயிருப்போம். வழியோரத்தில் செல்வி காலை நீட்டி உட்கார்ந்து இலை துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் பட்டென்று ஒரு சத்தம். தோளில் இருந்த கம்பு எகிறி என் காதில் அடித்தது. திரும்பிப் பார்த்தபோது சாம்பார் முழுக்க அவள் முழங்காலுக்குக் கீழே.

மாஸ்டர்தான் முதலில் ஓடிவந்தார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். அவளைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு சாமான் அறைக்குப் போனார். அது உண்மை. அதையும் எழுத வேண்டும். ஆனால் அங்கே போன பிறகு, "ஒண்ணுமில்ல தாயி, லேசாத்தான் பட்டுருக்கு. மஞ்சளும் எண்ணெயும் போட்டா அடங்கிரும்" என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு" என்று நான் ஆரம்பித்தேன்.

"அந்தப் பேச்சை இங்க எடுக்காத. மேளம் கொட்டுது பாரு. நல்ல காரியம் நடக்குற வீட்டுல அந்த வார்த்தை வேணாம். பந்தி முடியட்டும், நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்."

நான் தலையை ஆட்டினேன்.

ஆட்டிவிட்டுப் போய்ச் சோறு வடித்தேன். மூன்று பந்தி. ஒவ்வொரு பந்திக்கும் நடுவில் சாமான் அறைக்கு ஓடிப் பார்த்தேன். பூசணிக்காய் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, முந்தானையை வாயில் திணித்து வைத்திருந்தாள். சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதாம். "பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆகாதுல்ல" என்றாள். அப்படிப் பழகியிருந்தோம் நாங்கள். யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை. தானாகவே பொத்திக்கொண்டாள்.

புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குக் கொட்டுச்சு? இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" மாஸ்டர் சொன்னார், "சரியாயிரும் டாக்டர்." டாக்டர் அவரைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

ஒரு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தாள். தொடையில் இருந்து தோல் எடுத்துக் காலில் வைத்தார்கள். மாஸ்டர் ஒரு நாள் தவறாமல் வந்தார். இட்லி, இளநீர், ஆரஞ்சு. அவர் வந்தால் அந்த வார்டே கலகலப்பாகிவிடும். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு உடைந்து கிடந்த அம்மாவிடம்கூட, "அடுத்த வருசம் ஒங்க பேத்தி கல்யாணத்துக்கு நாந்தான் சமையல், நீங்க ஆடணும்" என்பார். அந்த அம்மா சிரித்துவிட்டு, அவர் போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

ஒரு வாரம் கழித்துத்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். மாஸ்டர் எப்போதும் தலைமாட்டில்தான் நிற்பார். நர்சு வந்து கட்டுப் பிரிக்கும்போது கடைக்குப் போய்விடுவார். ஒரு நாள்கூட கால்மாட்டுப் பக்கம் வரவில்லை. அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு சரி, அப்புறம் செல்வியின் காலை அவர் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே, "நேத்தைவிட இன்னிக்கு நல்லா இருக்கு" என்று தினமும் சொன்னார். அவளும் தினமும், "ஆமாங்க மாஸ்டர்" என்றாள். அவர் முகம் வாடக் கூடாது என்று நோயாளி சிரித்தாள்.

தோல் வைத்து நாலாவது நாள். காலையில் கட்டு மாற்றியிருந்தார்கள். அவள் உதடெல்லாம் கடித்துப் புண்ணாகியிருந்தது. மாஸ்டர் இளநீரோடு வந்து தலைமாட்டில் நின்றார்.

"என்ன தாயி, வலியெல்லாம் பறந்துபோச்சா? ஆடி முடிஞ்சதும் அடுப்படிக்கு வந்துரணும். சொல்லு, சரியாயிருச்சுன்னு சொல்லு."

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லு தாயி. மூணு தரம் சொன்னா மனசுல தெம்பு வரும்."

அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். போர்வையைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள்.

"இங்கிட்டு வாங்க மாஸ்டர்."

"எதுக்குத் தாயி, நீ படு..."

"கால்மாட்டுக்கு வாங்கங்குறேன். வந்து நின்னு பாருங்க. பாத்துட்டு அப்புறம் சரியாயிருச்சான்னு நீங்களே சொல்லுங்க."

அவர் நகரவில்லை. இளநீரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"வலிக்குது மாஸ்டர்" என்றாள். "வலிக்குது. வலிக்குது. மூணு தரம் சொல்லிட்டேன். போயி வாயைக் கொப்பளிக்க மாட்டேன்."

பக்கத்துக் கட்டில் அம்மா, "எனக்கும் வலிக்குதுடியம்மா" என்றது. அங்கிருந்து தள்ளி ஒரு பெண், "எனக்கு ராத்திரியெல்லாம் வலிதான்" என்றாள். மாஸ்டர் இளநீரை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் பின்னால் போனேன். நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் எனக்கு நடுங்கிய மாதிரி. அவர் தோளில் கை வைத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. சொல்ல வேண்டுமென்றும் தோன்றவில்லை. அவ்வளவு நாளும் அவருக்குத் தைரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பயம்தான் என்று அப்போது தெரிந்தது.

அதற்குப் பிறகும் அவரிடம்தான் வேலைக்குப் போனேன். செல்வியே போகச் சொன்னாள். "போங்க. ஆனா தலையை மட்டும் ஆட்டாதீங்க" என்றாள்.

அரிமளத்தில் ஒரு கல்யாணம். போய் இறங்கினால் அதே அண்டா. காதுக்குப் புது ஆணி அடித்துக் கொண்டுவந்திருந்தார். ராசியான அண்டாவாம். ரசம் இறக்கியாகிவிட்டது. பந்தியில் இலை போட்டாகிவிட்டது. நான் கயிறு கட்டப் போனேன். புது ஆணி அடித்த பக்கம் கெட்டியாக இருந்தது. மறுபக்கத்துக் காதுக்குக் கீழே தலைமுடி மாதிரி ஒரு விரிசல். கையில் இருந்த கம்பைக் கீழே வைத்தேன்.

"என்னடா?" என்றார் மாஸ்டர்.

"தாங்காது."

"டேய்."

"தாங்காது. தாங்காது." மூன்றாகிவிட்டது. என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. இலை துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் காலை மடக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா... நீ தூக்க வேணாம் போ. நான் தூக்குறேன்." மாஸ்டர் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்தார். கயிற்றில் கம்பைச் செருகினார். குனிந்து முன்பக்க முனையைத் தோளில் வைத்துக்கொண்டு, "சேகரு, பின்னால புடி" என்றார்.

சேகர் கையைக் கட்டிக்கொண்டான். கிண்டல் ஒன்றும் சொல்லவில்லை.

"யாராச்சும் வாங்கடா. தாங்கும்டா. நான் சொல்றேன்ல?"

ஒருவரும் அசையவில்லை. கம்பின் ஒரு முனை அவர் தோளில், மறுமுனை தரையில். அறுபது வயது மனிதர் அப்படிக் குனிந்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் போய்ப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை.

கடைசியில் கம்பை இறக்கினார். "வாளியை எடுங்க" என்றார்.

வாளி வாளியாக மொண்டுகொண்டு போனோம். பந்தி கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். எல்லாம் முடிந்து கை கழுவும்போது மாஸ்டர் என்னிடம் வந்தார். முகத்தில் பழைய சிரிப்பு.

"பாத்தியா? நான் சொன்ன மாதிரியே ஒண்ணும் ஆகலைல்ல?"

தூக்காததால் ஆகவில்லை மாஸ்டர் என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரியும்.

ஏனென்றால் அதற்குப் பிறகு அந்த அண்டா வேனில் ஏறவில்லை. மற்ற அண்டாக்களையும் தூக்குவதற்கு முன்னால் மாஸ்டர் கரண்டியால் காதைத் தட்டுவார். தட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் சரி என்றோ வேண்டாம் என்றோ தலையசைப்பேன். வாயால் நானும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. கடைசி நாலு வருஷம் அப்படித்தான் ஓட்டினோம். ஆனால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே நின்று "நல்லா இருக்கியா தாயி" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு தரம்கூட குனிந்து அந்தக் காலைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போது நான் தனியாகச் சின்னச் சின்னக் காரியங்களுக்குச் சமைக்கிறேன். அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன் என் ஆட்கள் ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும். கேஸ் குழாய் பழசு, மிளகாய் காரம் பத்தாது, இன்னிக்கு எனக்கு உடம்பு முடியல, எது வேண்டுமானாலும். முதல் தரம் கேட்கிற வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

தம்பி, இதை மலரில் போட முடியாது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மழையை நிறுத்தியதை வைத்துக்கொண்டு அண்டாவை வெட்டிவிட்டுப் போடாதீர்கள். உங்கள் அப்பா முழு ஆள். பாதி ஆளாக்கி அட்டை போட வேண்டாம்.

எழுதி முடித்ததும் செல்வி வாசிக்கச் சொன்னாள். காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் வலிக்குதுன்னு சொன்னது இருக்கா?"

"இருக்கு."

"மூணு தரமும்?"

"மூணு தரமும் இருக்கு."

"அப்ப தேதியைப் போடுங்க."

ஆடி மாதம் இருபத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை.